தேய்ந்த பிரேக் லீவருக்கு மாற்றுப் பாகம் தேடுவது எப்படி

சைக்கிளின் பிரேக் லீவர் லொடலொடவென்று ஆடுகிறது என்றதும் ஜோடி லீவரை மாற்றச் சொல்லிவிட வேண்டாம். பல சமயங்களில் தேய்ந்திருப்பது லீவர் அல்ல, அதைத் தாங்கும் பின் (லீவர் திரும்பும் அச்சு ஆணி), புஷ் (பின் நுழையும் சின்னக் குழாய்) அல்லது அதில் மாட்டிய கேபிள்தான்.

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஓடும் சைக்கிளுக்குப் பெரிய எதிரி செம்மண் புழுதி. லீவர் திரும்பும் பின்னில் எண்ணெய் வழிய வழிய விட்டிருந்தால் புழுதி அதில் ஒட்டிச் சிவப்புக் குழம்பாகிவிடும். அந்தக் குழம்பு அரம் மாதிரி உலோகத்தை ராவும். பின்னைக் கழற்றித் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை, கை இழுக்கும் திசையில் முட்டை வடிவமாக நீண்டிருக்கும். பின்னின் நடுவில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளமும் தெரியும்.

முதலில் கேபிளை பிரேக் பக்கம் கழற்றிவிட்டு லீவரை மட்டும் இழுத்துப் பாருங்கள். லேசாகப் போய், ஆட்டமில்லாமல் திரும்பினால் லீவர் நன்றாக இருக்கிறது. குற்றம் துருப்பிடித்த இன்னரிலோ (கேபிளின் உள் ஒயர்) மடங்கிய அவுட்டரிலோ (அதன் வெளி உறை) இருக்கும். லீவர் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பின்னையும் துளையையும் பார்க்க வேண்டும். நிப்பிள் (இன்னரின் முனையில் உள்ள உலோகக் குமிழ்) உட்காரும் குழியையும் விடாதீர்கள். குழி தேய்ந்து நிப்பிள் சாய்ந்து உட்கார்ந்தால் இன்னரின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.

பின் மட்டும் தேய்ந்திருந்தால் வேலை சுலபம். பெரும்பாலும் 5 மில்லி போல்ட்டும், தானாகக் கழலாத நைலான் நட்டும் போதும். துளை நீண்டுவிட்டதென்றால் புது போல்ட் போட்டும் ஆட்டம் நிற்காது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் அடித்துத் தருவார்கள். இரும்பு லீவருக்கு இது நல்ல வழி. அலாய் (அலுமினியக் கலவை) லீவரில் துளையைச் சுற்றி உலோகம் குறைவாக இருந்தால் இதைச் செய்யக் கூடாது, விரிசல் விடும். வளைந்த அலாய் லீவரைத் தட்டி நிமிர்த்துவதும், உடைந்ததைப் பற்றவைப்பதும் வேண்டவே வேண்டாம். அவசரமாகப் பிடிக்கிற நேரத்தில்தான் அது ஒடியும்.

புது லீவர்தான் வேண்டும் என்று முடிவானால், பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் விவரிப்பதைவிடக் கடைக்காரர் கையில் கொடுப்பது மேல். அதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஹேண்டில்பாரின் விட்டம். நேரான பாரில் பிடி இருக்கும் இடம் வழக்கமாக 22.2 மில்லி, அதாவது முக்கால் அரைக்கால் அங்குலம். வளைந்த ரேஸ் பாருக்கு 24 மில்லிக்குச் சற்றுக் குறைவு, அதன் லீவரே வேறு. இரண்டாவது, நிப்பிளின் வடிவம். நேரான பார் லீவருக்கு உருளை நிப்பிள், ரேஸ் லீவருக்குப் பேரிக்காய் வடிவம்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: லீவர் எவ்வளவு கேபிளை இழுக்கிறது என்பது. கேலிப்பர் பிரேக்குக்கு (சக்கரத்துக்கு மேலே ஒரே போல்ட்டில் மாட்டி, இடுக்கி மாதிரி ரிம்மைப் பிடிப்பது) குறைவாக இழுக்கும் லீவர், வி பிரேக்குக்கு (ரிம்மின் இருபுறமும் தனித்தனியாக நிற்கும் இரண்டு நீளக் கைகள் உள்ளது) அதிகமாக இழுக்கும் லீவர். பின்னின் மையத்திலிருந்து நிப்பிள் குழியின் மையம் வரை ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். சுமார் 25 மில்லிக்குள் இருந்தால் கேலிப்பருக்கு, 30-க்கு மேல் இருந்தால் வி பிரேக்குக்கு. கேலிப்பர் லீவரை வி பிரேக்கில் போட்டால் லீவர் பாரைத் தொட்ட பிறகும் சக்கரம் நிற்காது. மாற்றிப் போட்டால் லீவர் கல் மாதிரி இறுகும், ஆனால் பிடிமானம் வராது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் கடையில் தெளிவாகக் கேளுங்கள்: "அண்ணே, வி பிரேக் லீவர், அலாய், 22 மில்லி பார், வலது கை."

கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிளின் கதை வேறு. அதில் பின் பிரேக்கின் விசை லீவரிலிருந்து கம்பி வழியாகக் கீழே இறங்கி, பெடல் அச்சுக்குப் பக்கத்தில் திசை மாறி, பின் ரிம்முக்குப் போகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லி தேய்ந்தால்கூட எல்லாம் சேர்ந்து கையில் வந்து ஆட்டமாகத் தெரியும். ஒருவரை லீவரை அழுத்தி அழுத்தி விடச் சொல்லிவிட்டு, மூட்டு மூட்டாகக் குனிந்து பாருங்கள். கம்பி நகர்ந்தும் அடுத்த துண்டு நகராத இடத்தில்தான் தேய்மானம். பாரைப் பிடிக்கும் கிளிப், மூட்டுப் பின், ஸ்பிரிங், அட்ஜஸ்டர் நட்டு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். சைக்கிள் பாகங்களுக்குப் பேர்போன லூதியானாவிலிருந்து வரும் சரக்கு சின்ன ஊர்க் கடைகளில்கூட இருக்கும். கம்பியே மாற்றுவதானால் பிரேம் 22 அங்குலமா 24 அங்குலமா, ஆண்கள் சைக்கிளா பெண்கள் சைக்கிளா என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்து நீளம் மாறும்.

செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டில் இன்னும் இங்கிலாந்து ராலே சைக்கிள்கள் கிடக்கின்றன. இவற்றின் பழைய திருகுகள் அங்குல மரை. 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லி. 5 மில்லி போல்ட் கண்ணுக்கு அதே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பானர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இத்தகைய பாகத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பழைய சைக்கிள்களுக்கு உயிர்கொடுக்கும் மூத்த மெக்கானிக்குகளின் தகர டப்பாவிலும் சில சமயம் அகப்படும். துருவேறியிருந்தாலும் அசல் பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள், லேத்தில் புதிது கடைய அதுதான் மாதிரி.

ஆயில் டிஸ்க் பிரேக்கில் லீவருக்குள் இருக்கும் சில்லறைப் பாகங்களைத் தேடி அலைவதைவிட, அதே மாடலின் முழு லீவரை வாங்குவது நல்லது. ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். அதில் மோட்டார் சைக்கிள் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும்.

மாட்டும்போது லீவரைப் பாரோடு பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை வெறி கொண்டு முறுக்க வேண்டாம். கையால் திருகினால் நகராமலும், சைக்கிள் விழுந்தால் லீவர் சற்றுச் சுழன்று கொடுக்கும்படியும் இருந்தால் ஒடியாமல் தப்பும். பின்னில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, வழிந்ததைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும். கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில், இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் வெட்டும் லீவரின் வெட்டும் ஒரே கோட்டில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நின்றால் கேபிள் வழுகி வெளியே வந்துவிடும். முழு பலத்தோடு பத்து முறை அழுத்துங்கள். அப்போதும் லீவருக்கும் பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்த பிறகே ரோட்டில் ஏறுங்கள். புதுக் கேபிள் முதல் சில நாளில் கொஞ்சம் இளகும், அட்ஜஸ்டரை அரைச் சுற்று வெளியே திருப்பினால் சரியாகிவிடும்.