வீடியோ எடிட்டிங்குக்கு கம்ப்யூட்டர் வாங்கப்போறீங்களா? முதல்ல உங்க ஃபைலைப் பாருங்க

எடிட்டிங்குக்குன்னே ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணி, டைம்லைன்ல முதல் கிளிப்பைப் போட்டு ஸ்பேஸ்பாரைத் தட்டினேன். ரெண்டு செகண்ட் ஓடுச்சு, அப்புறம் படம் அப்படியே நின்னுடுச்சு, சத்தம் மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு. எட்டு கோர் ப்ராசசர், 12 ஜிபி மெமரியோட தனி கிராபிக்ஸ் கார்டு, என்விஎம்இ எஸ்எஸ்டி எல்லாம் இருந்தும் ஒரே ஒரு 4கே கிளிப் ஒழுங்கா ஓடல. ரேம் பத்தலையோன்னு 16 ஜிபிய 32 ஆக்கினேன், ஒண்ணும் மாறல. எஸ்எஸ்டியா இருக்குமோன்னு இன்னொன்னு போட்டுப் பாத்தேன், அப்பவும் அதே கதைதான். கடைசில காரணம் என் கேமரா எழுதுற ஃபைல்ல இருந்துச்சு. வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அந்த ஃபைலைப் பாத்திருந்தா அதே பட்ஜெட்டுல வேற ப்ராசசர் எடுத்திருப்பேன். அதனால வழக்கமா ப்ராசசர்ல ஆரம்பிக்கற இந்த விஷயத்த நான் ஃபைல்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

படி 1: உங்க ஃபுட்டேஜ் என்ன ரகம்னு பாருங்க

மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச டூல் இருக்கு, அத இன்ஸ்டால் பண்ணிக்கோங்க. நீங்க எடிட் பண்ணப்போற கேமரா இல்ல போன்ல எடுத்த ஒரிஜினல் ஃபைல் ஒண்ண அதுல திறங்க. வாட்ஸப்ல வந்த காப்பி வேண்டாம், அது அனுப்பறப்பவே சுருங்கி வேற ஃபைலா மாறியிருக்கும். கேமரா இன்னும் வாங்கலைன்னா அந்த மாடல்ல எடுத்த சாம்பிள் ஒரிஜினல் ஃபைல் யார்கிட்டயாவது கேட்டு வாங்குங்க.

வர்ற லிஸ்ட்ல அஞ்சு விஷயம் போதும். ஃபார்மட் ஏவிசியா எச்இவிசியா (ஏவிசின்னா எச்.264, எச்இவிசின்னா எச்.265), பிட் டெப்த் (கலரை எத்தன பிட்ல எழுதுது) 8ஆ 10ஆ, க்ரோமா சப்சாம்ப்ளிங் (கலர் விவரத்த எவ்வளவு குறைச்சு எழுதுது) 4:2:0வா 4:2:2வா, பிட்ரேட் (செகண்டுக்கு எவ்வளவு டேட்டா) எவ்வளவு, ஃப்ரேம்ரேட் கான்ஸ்டன்ட்டா (ஒரே சீரா) வேரியபிளா (கூடிக் குறைஞ்சு). ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, இதுக்கப்புறம் எடுக்கற ஒவ்வொரு முடிவுக்கும் இதுதான் வேணும்.

இது ஏன் முக்கியம்னா, எச்.264, எச்.265 ஃபைல்கள்ல பெரும்பாலும் எல்லா ஃப்ரேமும் முழுப் படமா இருக்காது. ஒரு முழுப் படம் இருக்கும், அதுக்கப்புறம் வர்ற ஃப்ரேம்கள்ல என்ன மாறுச்சோ அத மட்டும்தான் எழுதியிருக்கும். சும்மா பாக்கறப்ப வரிசையா ஓடறதால பிரச்சினை இல்ல. எடிட் பண்றப்ப நாம நடுவுல குதிப்போம், பின்னாடி போவோம், ஒவ்வொரு தடவ குதிக்கறப்பவும் கம்ப்யூட்டர் அதுக்கு முன்னாடி இருக்கற முழுப் படத்துல இருந்து கணக்குப் போட்டுக்கிட்டே வரணும். அதனாலதான் படமா பாக்க ஈசியா ஓடற ஃபைல் டைம்லைன்ல திணறுது. ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் மாதிரி எடிட்டிங் கோடெக்குல (கோடெக்னா வீடியோவச் சுருக்கி எழுதற முறை) ஒவ்வொரு ஃப்ரேமும் தனியா நிக்கும், ஃபைல் பெருசா இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு வேலை கம்மி.

படி 2: டிகோடர் (நான் மாட்டிக்கிட்ட இடம்)

எச்.264, எச்.265 ஃபைலப் பிரிச்சுக் காட்டறதுக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி இருக்கும், அதுதான் ஹார்ட்வேர் டிகோடர். இன்டெல்ல இதுக்குப் பேரு க்விக் சிங்க், 2011ல இருந்து வருது. என்விடியா கார்டுல என்விடெக். ஆப்பிள் சிலிக்கான்ல மீடியா எஞ்சின். உங்க ஃபைல் ரகம் அந்த டிகோடருக்குத் தெரிஞ்சா ப்ராசசர் ஓய்வா இருக்கும். தெரியலைன்னா மொத்த சுமையும் ப்ராசசர் தலைல விழும், கார்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் இதுல உதவாது.

என் கேமரா எழுதுனது எச்.265, 10 பிட், 4:2:2. நான் வாங்குன கார்டோட டிகோடருக்கு 4:2:2 தெரியாது. ப்ராசசர்ல உள்கிராபிக்ஸே (ப்ராசசருக்குள்ளயே சேர்ந்து வர்ற கிராபிக்ஸ்) இல்லாத மாடல எடுத்திருந்தேன், தனிக் கார்டு இருக்கறப்ப அது எதுக்குன்னு நெனச்சு. அந்த நெனப்புதான் தப்பு.

பேப்பர்ல எழுதுனத வச்சு இப்படிப் பாருங்க. எச்.264, 8 பிட், 4:2:0ன்னா கவலையே வேண்டாம், சமீபத்துல வந்த எந்த மெஷினும் சமாளிக்கும். போன்ல எச்டிஆர்ல எடுக்கற எச்.265 10 பிட் 4:2:0ன்னா இன்டெல் 7வது ஜெனரேஷன்ல இருந்து, என்விடியா 10 சீரிஸ்ல இருந்து டிகோடர் இருக்கு. எச்.265 10 பிட் 4:2:2ன்னா அங்கதான் உஷாரா இருக்கணும்: இன்டெல் 11வது ஜெனரேஷனும் அதுக்கு மேலயும் வர்ற உள்கிராபிக்ஸ், இன்டெல் ஆர்க் கார்டு, ஆப்பிள் எம்1ல இருந்து எல்லா எம் சிப்பும் ஓகே. என்விடியால 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் 4:2:2 வந்துச்சு, 30லயும் 40லயும் கிடையாது. எச்.264லயே 10 பிட் 4:2:2 எழுதுற கேமராக்களும் இருக்கு, அதுக்கு ஹார்ட்வேர் சப்போர்ட் இன்னும் குறைவு, பின்னாடி சொல்ற ப்ராக்ஸி (சின்ன காப்பி வச்சு எடிட் பண்ற) வழிதான் அதுக்கு நிம்மதி.

இன்டெல் எடுக்கறவங்க நம்பர் முடியற எழுத்தப் பாருங்க. 12700ன்னா உள்கிராபிக்ஸ் உண்டு, 12700எஃப்ன்னா கிடையாது. கேஎஃப்ல முடிஞ்சாலும் கிடையாது. கேமுக்கு எஃப் ரகம் சரியான தேர்வுதான், எடிட்டிங்குக்கு அந்த ஒரு எழுத்துக்காக மிச்சம் பண்ணாதீங்க.

சரின்னு ப்ராசசர மாத்தினேன், அப்பவும் திணறுச்சு! ரெண்டாவது முடிச்சு பயாஸ்ல (ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற மதர்போர்டு செட்டிங்) இருந்துச்சு. தனிக் கார்டு மாட்டியிருந்தா நிறைய மதர்போர்டு உள்கிராபிக்ஸ தானாவே ஆஃப் பண்ணிடும். பயாஸ்க்குள்ள போய் உள்கிராபிக்ஸ எப்பவும் ஆன்ல இருக்கற மாதிரி வைக்கணும், சில போர்டுல அந்த செட்டிங்குக்குப் பேரு ஐஜிபியு மல்ட்டி மானிட்டர். மானிட்டர் கேபிள் தனிக் கார்டுலயே இருக்கட்டும், அத மாத்த வேண்டாம். அதுக்கப்புறம் எடிட்டிங் சாஃப்ட்வேர் ப்ரிஃபரன்ஸ்ல ஹார்ட்வேர் டிகோடிங்னு இருக்கறத டிக் பண்ணி, எந்த டிகோடர்னு கேட்டா இன்டெல்லையும் சேத்துக்கோங்க.

வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ் டேப்ல ஜிபியுவ க்ளிக் பண்ணா வீடியோ டிகோட்னு ஒரு கிராஃப் தெரியும். டைம்லைன ஓட விட்டுட்டு அதப் பாருங்க. கிராஃப் ஏறினா டிகோடர் வேலை செய்யுது. அது தரையிலயே கிடந்து சிபியு 100ஐத் தொட்டா என் பழைய நிலைமைதான் உங்களுக்கும். நான் ரேம் வாங்கறதுக்கு முன்னாடி பாத்திருக்க வேண்டியது இந்த ஒரு கிராஃபத்தான்.

படி 3: சாஃப்ட்வேரும் கிராபிக்ஸ் கார்டும்

டாவின்சி ரிசால்வ் கார்டை ரொம்ப நம்பியிருக்கற சாஃப்ட்வேர், கலர், எஃபெக்ட் எல்லாம் கார்டுலதான் ஓடும், கார்டு மெமரி பத்தலைன்னா ஜிபியு மெமரி ஃபுல்னு சொல்லி நின்னுடும். 4கேக்கு 8 ஜிபிக்குக் கீழ போகாதீங்கன்னுதான் நான் சொல்வேன். ப்ரீமியர் ப்ரோவுக்கு ப்ராசசரும் டிகோடரும் நல்லா இருந்து நடுத்தரக் கார்டு இருந்தாலே போதும். ஃபைனல் கட் ப்ரோ கம்ப்யூட்டர்ல மேக்ல மட்டும்தான் ஓடும், அது வேணும்னா இந்தப் படியே உங்களுக்கு வேண்டாம்.

என் சாய்ஸ் ரிசால்வ். இலவச வெர்ஷன்லயே அல்ட்ரா எச்டி வரைக்கும் எக்ஸ்போர்ட் பண்ணலாம், புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுக்கு மேல தேவைப்படாது. ஆனா இலவச வெர்ஷனுக்கும் காசு குடுத்து வாங்கற ஸ்டூடியோ வெர்ஷனுக்கும் கோடெக் சப்போர்ட் ஒரே மாதிரி இல்ல, விண்டோஸ், மேக், லினக்ஸ்னு அதுவும் மாறும். ரிசால்வ் தயாரிக்கற பிளாக்மேஜிக் இதுக்குன்னே ஒரு கோடெக் பட்டியல் வெளியிடறாங்க, உங்க பேப்பர்ல இருக்கற ரகம் அதுல உங்க ஓஎஸ்க்கு நேரா இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

லேப்டாப் எடுக்கறவங்களுக்கு ஒண்ணு. கார்டு பேரு ஒண்ணா இருந்தா வேகமும் ஒண்ணா இருக்கும்னு நம்பாதீங்க. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டே 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் லேப்டாப் தயாரிக்கறவங்க இஷ்டத்துக்கு செட் பண்ணி வரும். மெலிசா அழகா இருக்கற லேப்டாப்புல பெரும்பாலும் குறைஞ்ச வாட்தான். ஸ்பெக் ஷீட்ல அந்த வாட் நம்பரத் தேடுங்க, போடலைன்னா கேளுங்க. ஒரே இடத்துல உக்காந்து வேலை பாக்கறவங்களுக்கு டெஸ்க்டாப்தான் என் சிபாரிசு, சூடு தாங்கும், நாளைக்கு ஒரு பாகத்த மட்டும் மாத்திக்கலாம். வெளில ஷூட் போய் அங்கயே எடிட் பண்ணணும்னா ஆப்பிள் எம் சிப் லேப்டாப், ஏன்னா சார்ஜர் இல்லாமயும் அது வேகம் பெருசா குறையாது, தனிக் கார்டு போட்ட மத்த லேப்டாப் நிறைய சார்ஜரக் கழட்டினதும் படுத்துடும்.

படி 4: ரேம்

1080பிக்கு 16 ஜிபி, 4கேக்கு 32. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தினமும் திறப்பீங்கன்னா 64, ப்ரிவ்யூ ஃப்ரேம எல்லாம் அது ரேம்லதான் வச்சுக்கும். ஒரே குச்சியா வாங்காம ரெண்டு குச்சியா போடுங்க. மேக்லயும் நிறைய மெலிசான லேப்டாப்லயும் பின்னாடி ரேம் ஏத்தவே முடியாது, அதனால வாங்கற அன்னைக்கே யோசிச்சுடுங்க.

படி 5: டிஸ்க்

இங்க ஒரு சின்ன கணக்கு. கேமராவுல 100 எம்பிபிஎஸ்னு போட்டிருந்தா அது மெகாபிட், எட்டால வகுத்தா செகண்டுக்கு 12.5 மெகாபைட். நிமிஷத்துக்கு 750 எம்பி, ஒரு மணிநேரத்துக்கு 45 ஜிபி. அதே 4கேய ப்ரோரெஸ் 422க்கு மாத்தினா 24 ஃப்ரேம்ல சுமாரா 471 எம்பிபிஎஸ், மணிக்கு 210 ஜிபிக்கு மேல. உங்க மாச ஷூட் எத்தன மணிநேரம்னு பெருக்கிப் பாருங்க, எவ்வளவு இடம் வேணும்னு தானா தெரிஞ்சுடும்.

வேகத்துக்காக ரொம்ப அலைய வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டியே செகண்டுக்கு 500 எம்பிக்கு மேல குடுக்கும், நாலஞ்சு கேமரா ஃபுட்டேஜுக்கு அதுவே தாராளம். ஹார்ட் டிஸ்க் சேமிச்சு வைக்க மட்டும்தான், அதுல இருந்து எடிட் பண்ணாதீங்க, நாலு கிளிப்புக்கு மாத்தி மாத்தித் தாவறப்ப அதுக்குள்ள டேட்டாவப் படிக்கற முள்ளு ஓடியே களைச்சுடும். க்யூஎல்சி ரக (ஒரு செல்லுல நாலு பிட் அடைக்கற) எஸ்எஸ்டி விலை கம்மியா கிடைக்கும், ஆனா 200 ஜிபிய ஒரே மூச்சுல காப்பி பண்ணா கேஷ் நிரம்பினதும் வேகம் தடால்னு விழும், ஃபுட்டேஜ் டிரைவுக்கு டிஎல்சி (செல்லுக்கு மூணு பிட்) பாத்து எடுங்க. ஓஎஸ் ஒரு டிரைவ், ஃபுட்டேஜ் ஒரு டிரைவ். பேக்கப் தனி டிரைவ்ல, அதுல சமரசமே கிடையாது, ஒருத்தரோட கல்யாண வீடியோவ திரும்ப எடுக்க முடியாது.

படி 6: டிஸ்ப்ளே

ஸ்க்ரீன் எவ்வளவு கலர் காட்டும்னு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபின்னு ரெண்டு அளவுகோல்ல போடுவாங்க. லேப்டாப் ஸ்பெக்ல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு இருந்தா அத விட்டுடுங்க, கலர் வெளுத்துத் தெரியும், நீங்க அத நம்பி கலர் ஏத்துவீங்க, மத்தவங்க ஸ்க்ரீன்ல தோல் நிறம் ஆரஞ்சா போயிருக்கும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு இருக்கணும். 72 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான்.

பின்னாடி சேர்த்தது 1: புதுசு வாங்க இப்ப முடியாதவங்களுக்கு

நிறைய பேர் கேட்டதால எழுதறேன். பழைய மெஷின்லயும் 4கே எடிட் பண்ணலாம், ப்ராக்ஸி போடுங்க. ஒரிஜினலோட சின்ன காப்பி ஒண்ண சாஃப்ட்வேரே ப்ரோரெஸ் ப்ராக்ஸிலயோ டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பிலயோ பண்ணிக் குடுக்கும், வெட்டறது ஒட்டறது எல்லாம் அதுல பண்ணிட்டு எக்ஸ்போர்ட் பண்றப்ப ஒரிஜினலுக்கு மாறிக்கும். நானே ப்ராசசர் மாத்தற வரைக்கும் இப்படித்தான் ரெண்டு ப்ராஜெக்ட் முடிச்சேன், தரத்துல ஒரு குறையும் இல்ல. வெளில தனி டூல்ல ப்ராக்ஸி பண்ணா ஃப்ரேம்ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினல் மாதிரியே இருக்கணும், ஆடியோ சேனல் மாறுனா ப்ரீமியர் அட்டாச் பண்ண ஒத்துக்காது.

பின்னாடி சேர்த்தது 2: போன் வீடியோல உதடும் குரலும் சேரல

இது கம்ப்யூட்டர் குறை இல்ல. மீடியாஇன்ஃபோல ஃப்ரேம்ரேட் வேரியபிள்னு காட்டுதான்னு பாருங்க, போனும் ஸ்க்ரீன் ரெக்கார்டரும் இப்படித்தான் எழுதும். எடிட் பண்றதுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக்லயோ ஷட்டர் என்கோடர்லயோ கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்டுக்கு மாத்திட்டு அப்புறம் இம்போர்ட் பண்ணுங்க. பாதி எடிட் பண்ணதுக்கப்புறம் மாத்தினா வெட்டுன இடமெல்லாம் நகர்ந்துடும்.

பின்னாடி சேர்த்தது 3: வேகமான எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி வாங்கியும் 40 எம்பிக்கு மேல ஏறல

ஒரு நண்பர் இதுக்காக டிரைவையே மாத்தக் கிளம்பிட்டார். குத்தம் கேபிள்ல. போன் சார்ஜரோட வர்ற டைப் சி கேபிள் நிறையல யுஎஸ்பி 2 வேகம்தான் இருக்கும், 480 மெகாபிட்தான் அதோட உச்சம். டிரைவோட பாக்ஸ்ல வந்த கேபிளப் போட்டதும் சரியாயிடுச்சு. மாத்திட்டு ஒரு தடவை பெரிய ஃபைல் காப்பி பண்ணிப் பாருங்க, அப்பவும் ஏறலைன்னா கம்ப்யூட்டர்ல நீங்க சொருகுன போர்ட் யுஎஸ்பி 2 போர்ட்டான்னு பாருங்க.