ஆங்கிலத்தில் வினாவை வரவேற்றலும் வினவலும் விடையளித்தலும்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் பிள்ளைகள் பலர், ஆங்கிலத்தில் முன்வைப்பை நன்றாகச் செய்துவிட்டு, அதன்பின் வரும் கேள்வி நேரத்தில்தான் தடுமாறுகிறார்கள். பயிற்சி பெரும்பாலும் பேச்சுக்கே கொடுக்கப்படுவதால் இந்த நிலை ஏற்படுகிறது.

'எனி குவெஸ்ஷன்ஸ்?' என்று கேட்டவுடனேயே தாள்களை அடுக்கத் தொடங்கினால், கேட்க நினைத்தவரும் வாய் திறக்கமாட்டார். 'ஐ வில் பீ ஹாப்பி டு டேக் யுவர் குவெஸ்ஷன்ஸ் நவ்' என்று முழு வாக்கியமாகச் சொல்லி, சபையைப் பார்த்தபடி சற்று நேரம் பொறுத்திருங்கள்.

கேள்வி கேட்பவர் கவனிக்க வேண்டியது சொற்களின் வரிசை. தமிழில் வினைச்சொல்லின் கடைசியில் 'ஆ' சேர்த்தால் கேள்வியாகிவிடும். ஆங்கிலத்திலோ துணைவினை எழுவாய்க்கு முன்னே வர வேண்டும். ஆகவே எழுத்திலும் முறையான பேச்சிலும் 'யூ ஆர் கமிங்?' என்பதை விட்டு 'ஆர் யூ கமிங்?' என்று கேளுங்கள். 'டிட்' வந்தபின் 'வென்ட்' வராது, 'டிட் யூ கோ?' என்பதே சரி. ஆனால் பணிவுக்காக 'குட் யூ டெல் மீ' என்று தொடங்கினால், பின்பகுதி மீண்டும் சாதாரண வரிசைக்குத் திரும்பி, 'வேர் த லைப்ரரி இஸ்' என்றே முடியும். நன்கு படித்தவர்களும் இங்கே 'வேர் இஸ் த லைப்ரரி' என்று சொல்லிவிடுவதுண்டு.

மிகுந்த கவனம் வேண்டியது எதிர்மறைக் கேள்விக்கான விடையில். பாசிக்குடா விடுதியொன்றில் வேலைக்கான நேர்முகத் தேர்வை எண்ணிப் பாருங்கள். 'ஹாவின்ட் யூ வர்க்ட் இன் எ ஹோட்டல் பிஃபோர்?' என்று கேட்கிறார்கள். வேலை செய்யாதவர், நம் வழக்கப்படி 'ஓம், செய்யவில்லை' என்ற எண்ணத்தில் 'யெஸ்' என்றால், அவருக்கு முன் அனுபவம் உண்டென்றே கேட்டவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் கேள்வியின் வடிவத்தைப் பாராமல் உண்மை நிலையைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும்: செய்யவில்லை என்றால் 'நோ, ஐ ஹாவின்ட்', செய்திருந்தால் 'யெஸ், ஐ ஹாவ்'. வெறும் 'யெஸ்', 'நோ' என்று நிறுத்தாமல் இந்தக் குறுவாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிப் பழகினால் குழப்பத்துக்கு இடமிராது.

'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பது, நான் இங்கே இருந்தால் உங்களுக்கு ஆட்சேபனையா என்று கேட்பது; ஆகவே அதற்குச் சம்மதம் தெரிவிக்க 'நாட் அட் ஆல்' (இல்லவே இல்லை) என்று சொல்ல வேண்டும்.

கேள்வி விளங்காவிட்டால் ஊகித்து விடை சொல்லாமல், 'சொரி, குட் யூ ரிப்பீட் த குவெஸ்ஷன், ப்ளீஸ்?' என்று தயங்காமல் கேளுங்கள். நீண்ட விடையாயின், முடிவில் 'டஸ் தட் ஆன்சர் யுவர் குவெஸ்ஷன்?' என்று கேட்டு, அவர் மறுமொழி சொன்ன பின்பே அடுத்தவரிடம் திரும்புங்கள்.