ஈஆர்பி திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன?

கணக்கு, கொள்முதல், கிடங்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருளான ஈஆர்பியைப் போடலாம் என்று முடிவெடுத்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, எஸ்ஏபி நல்லதா, ஆரக்கிள் நல்லதா, இல்லை இருக்கிற டேலியையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய அளவில் தோற்றுப்போன ஈஆர்பி திட்டங்களின் விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அதே மென்பொருளை அதே காலத்தில் வேறு நிறுவனங்கள் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தன. கோளாறு பெரும்பாலும் தேதியில் இருந்தது, ஆட்களில் இருந்தது, உள்ளே போட்ட தகவலில் இருந்தது. இன்னொன்றும் திரும்பத் திரும்ப வரும். "இது இன்னும் தயாராகவில்லை" என்று உள்ளே யாரோ சிலருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அந்தச் சேதி முடிவெடுக்கும் மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. சேர்ந்தாலும் அதற்கு மதிப்பு இருந்திருக்காது.

தேதியை முதலில் குறிப்பது

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1990களின் இறுதியில் எஸ்ஏபி ஆர்/3 போட்டது. கூடவே விநியோகத் திட்டமிடலுக்கு மனுஜிஸ்டிக்ஸ், வாடிக்கையாளர் பக்கத்துக்கு சீபெல் என்று இன்னும் இரண்டு மென்பொருள்கள். மொத்தச் செலவு 11.2 கோடி டாலர். நான்கு ஆண்டு வேலை என்று கணக்குப் போடப்பட்டதை 30 மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் 2000 பிறப்பதற்குள் பழைய கணினிகளைத் தூக்க வேண்டும் என்ற அவசரம். 1999 ஏப்ரலில் முடிய வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. அங்கே மிட்டாய் விற்பனையின் உச்சம் அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன். கடைகள் அதற்கான ஆர்டரை அனுப்பத் தொடங்கும் நேரத்தில்தான் புது அமைப்பை, அதுவும் எல்லா மாட்யூலையும் (மென்பொருளின் தனித்தனிப் பகுதிகளை) ஒரே மூச்சில், ஓடவிட்டார்கள். கிடங்கில் சாக்லேட் இருந்தது, ஆனால் அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் கைநழுவின. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் விழுந்தது.

இதே ஹெர்ஷி 2002இல் அதே எஸ்ஏபியின் அடுத்த பதிப்புக்கு மாறியபோது ஓராண்டுக்குள், பட்ஜெட்டுக்குள் முடித்தது. மென்பொருள் நிறுவனம் மாறவில்லை. சோதனைக்குக் கொடுத்த நேரம் மாறியது.

நம் ஊர் நிறுவனங்களுக்கு மிகப் பிடித்த கோ-லைவ் தேதி, அதாவது புது அமைப்பு நிஜமாக ஓடத் தொடங்கும் நாள், ஏப்ரல் 1. தொடக்க இருப்பை எடுத்து வைக்க வசதி, ஆடிட்டருக்கும் சந்தோஷம். ஆனால் ஏப்ரல் 1 என்று வைத்தால் தகவல் மாற்றமும் யூசர் சோதனையும் பிப்ரவரி, மார்ச்சில் விழும். அந்த இரண்டு மாதமும் கணக்குப் பிரிவு வருட முடிவு வேலையில் மூழ்கிக் கிடக்கும். சோதித்துப் பார்க்க வேண்டிய அதே ஆட்கள் தலை நிமிர முடியாத நேரம் அது. "சார், பாத்துட்டோம், ஓகே" என்று ஒரு கையெழுத்து மட்டும் வரும். தொழில் மந்தமாக இருக்கும் ஒரு மாதத்தின் முதல் தேதியைக் குறியுங்கள், அது நிதியாண்டின் நடுவில் விழுந்தாலும் பரவாயில்லை. இருப்புத் தொகைகளைப் பாதியில் எடுத்து வைப்பது கூடுதல் வேலைதான், அவ்வளவுதான்.

தகவலைக் கடைசி வாரத்துக்கு விடுவது

டார்கெட் என்ற அமெரிக்கச் சில்லறை நிறுவனம் 2013 மார்ச்சில் கனடாவில் கடை திறக்கத் தொடங்கியது. அந்த ஒரே ஆண்டில் 124 கடைகள். அமெரிக்காவில் அவர்களே எழுதிய பழைய மென்பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குக் கனடா டாலரும் பிரெஞ்சு மொழியும் சரிப்படாது என்பதால் எஸ்ஏபிக்குப் போனார்கள். சுமார் 75,000 பொருட்களின் விவரத்தைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்கள், நெருக்கும் கெடு, சப்ளையர் அனுப்பிய தாளில் இருப்பதை அப்படியே தட்டு என்ற நிலைமை. சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம் போனது. நீளம் அகலமானது. பெட்டி அலமாரியில் நுழையவில்லை, லாரியில் போட்ட கணக்கும் பொருந்தவில்லை. அமெரிக்கப் பக்கத்தில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாக இருக்கும் பொருள் விவரம், கனடாவில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் சரியாக இருந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. கடை அலமாரி காலியாக இருக்க, கிடங்கு நிரம்பி வழிந்தது. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள்.

சரி, நம்மிடம் 75,000 பொருள் இல்லை. ஆனால் பத்து வருட டேலியில் ஒரே போல்ட் நான்கு பெயரில் இருக்கும். ஒரே சப்ளையர் "& கோ" சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை. கிலோவில் வாங்கி, எண்ணிக்கையில் கொடுக்கும் பொருளுக்கு எடை மாற்று விகிதம் ஸ்டோர்ஸ் அண்ணன் தலைக்குள் மட்டும் இருக்கும். ஜிஎஸ்டிக்காகப் பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் கோடு 4 இலக்கத்தோடு நின்றிருக்கும், விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியதால் 6 இலக்கம் வேண்டும் என்பது இன்வாய்ஸ் அடிக்கும் நாளில்தான் தெரியும். இதையெல்லாம் ஈஆர்பி போட்டுத் தர வரும் கன்சல்டன்ட் சுத்தம் செய்து தர மாட்டார். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், தகவலைச் சரிபார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும்.

டார்கெட் கதையில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கடையில் பொருள் தீர்ந்தால் தானாகவே கிடங்குக்குச் சொல்லி அனுப்ப வைக்கும் வசதி அந்த அமைப்பில் இருந்தது. எந்தப் பொருளுக்கு அது வேண்டாமோ அதற்கு அணைத்துவைக்கலாம். தங்கள் பிரிவின் பொருட்களில் எத்தனை சதவீதம் கையிருப்பில் இருக்கிறது என்பதை வைத்து அளக்கப்பட்ட சில ஊழியர்கள், தீர்ந்துபோன பொருளுக்கு அந்த வசதியை வேண்டுமென்றே அணைத்தார்கள். அணைத்தால் அந்தப் பொருள் கணக்கிலேயே வராது. தலைமையகத்தின் திரையில் எல்லாம் இருக்கிறது, கடையில் ஒன்றும் இல்லை. அவர்களைத் திட்டுவது சுலபம். அமைப்பு தள்ளாடிக்கொண்டிருக்கும் மாதங்களிலும் பழைய மாதிரியே மதிப்பெண் போட்டது மேலிடம். முதல் சில மாதங்களுக்கு டாஷ்போர்டை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் திரையில் நீங்கள் பார்க்க விரும்புவதுதான் தெரியும்.

அனுபவசாலிகளை முதலில் அனுப்பிவிடுவது

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பளத் திட்டத்தைத் தனியாகப் பாடமாகவே வைக்கலாம். பீப்பிள்சாஃப்ட் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 2,90,000 அரசு ஊழியர்களின் சம்பளம், 80,000க்கும் மேற்பட்ட சம்பள விதிகள். 2009இல் ஒதுக்கியது 15.5 கோடி கனடா டாலர். 2012இல் அமைப்பைச் செய்துகொடுக்க வந்த ஐபிஎம் நிறுவனம் 27.4 கோடி ஆகும் என்றது. பொறுப்பில் இருந்த அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கப் போகவில்லை. இருக்கும் பணத்துக்குள் அடக்க வேலையைக் குறைத்தார்கள். 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன. ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்த முன்னோட்டமும் கைவிடப்பட்டது.

இதோடு இணையாக இன்னொன்று நடந்தது. துறை துறையாக உட்கார்ந்து சம்பளம் பார்த்துக்கொண்டிருந்த சுமார் 1,200 பேரின் பணியிடங்களை எடுத்துவிட்டு, மிராமிச்சி என்ற ஊரில் சுமார் 550 பேர் கொண்ட ஒரே மையத்தை அமைத்தார்கள். வருடத்துக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. அந்த மிச்சம் புது அமைப்பு ஒழுங்காக ஓடினால்தான் வரும். ஆனால் அது ஓடத் தொடங்கும் முன்பே பழைய ஆட்கள் போய்விட்டார்கள். இரவுப் பணிப்படி, தற்காலிகப் பதவி உயர்வு, விடுப்பிலிருந்து திரும்பியவரின் கணக்கு எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 2016 பிப்ரவரியில் 34 துறைகளும் ஏப்ரலில் மீதி 67 துறைகளும் மாறின. சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்கு அதிகம் வந்தது, வரவேண்டியதற்கு மேல் வந்த அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னபோது அது இன்னொரு தலைவலி. 2018இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் இதை "புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி" என்றார். கெட்ட செய்தியை மேலே சொல்லத் தயங்கும் அலுவலகக் கலாசாரத்தைப் பற்றித் தனியாகவே எழுதினார்.

இங்கே யாரும் 1,200 பேரை அனுப்பப் போவதில்லை. நம் ஊரில் இது வேறு உருவத்தில் வரும். "ஈஆர்பி வந்தா ரெண்டு பேர் போதும்" என்று முதலாளி ஒரு கூட்டத்தில் விளையாட்டாகச் சொல்வார். அன்று மாலையே ஆலை முழுக்கப் பரவிவிடும். அப்புறம் இருபது வருட அனுபவமுள்ள ஸ்டோர்கீப்பரிடம் கன்சல்டன்ட் போய் "அண்ணே, ரிட்டர்ன் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால், பாதிதான் சொல்வார். மீதிப் பாதி அவருடைய வேலைப் பாதுகாப்பு. ஆட்குறைப்பு எண்ணம் இல்லையென்றால் அதை முதல் நாளே, முதலாளி வாயாலேயே, எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, முதல் வருட முடிவு வரை யாரும் போக மாட்டார்கள் என்று உறுதி கொடுக்க வேண்டும்.

விதி, முதலாளியைத் தவிர எல்லாருக்கும்

ஆட்களைப் புது முறைக்குப் பழக்கும் வேலைக்கு மாற்ற மேலாண்மை என்று பெயர் வைத்து, கன்சல்டன்ட் நாற்பது ஸ்லைடு காட்டுவார். சுவரில் போஸ்டர், கோ-லைவ் அன்று கேக், எல்லாம் நடக்கும். நிஜத்தில் மாற்றம் நிற்பதா விழுவதா என்பது முதல் வாரத்தில் கேட்டில் நிற்கும் ஒரு லாரியில் முடிவாகிவிடும். பர்ச்சேஸ் ஆர்டர் (பிஓ) இல்லாமல் சரக்கு வந்திருக்கிறது. புது முறைப்படி இறக்கக் கூடாது. டிரைவர் போன் போடுகிறார், சப்ளையர் முதலாளிக்குப் போன் போடுகிறார். முதலாளி, "இறக்கிடுப்பா, பிஓ அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார். அவ்வளவுதான், அந்த ஒரு வரியில் மூன்று மாதப் பயிற்சி போச்சு. அடுத்த வாரத்திலிருந்து எல்லா பிஓவும் சரக்கு வந்த பிறகுதான் போடப்படும். ஆர்டர், வரவு, பில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தானே இத்தனை செலவு? மூன்றையும் ஒருவரே ஒரே நாளில் பின்தேதி போட்டு அடித்தால் அங்கே ஒப்பிட என்ன இருக்கிறது?

அவசரத்துக்கு ஒரு வழி வேண்டாமா என்றால், வேண்டும். அதை அமைப்புக்குள்ளேயே வையுங்கள். அவசரக் கொள்முதல் என்று ஒரு தனி வகை, யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்பது பதிவாகட்டும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை முதலாளியே பார்க்கட்டும், பெரும்பாலும் அவர் பெயர்தான் இருக்கும்.

எக்செல் தாள்களும் இப்படித்தான். கோ-லைவ் ஆன பிறகும் எல்லார் மேஜையிலும் ஒரு பக்கவாட்டு எக்செல் ஓடும். அதைத் தடை செய்யாதீர்கள், தடை செய்தால் பென்டிரைவுக்குப் போய்விடும். ஒவ்வொரு தாளும் எதற்கு என்று கேளுங்கள். பாதிக்கு மேல் அமைப்பில் ஏற்கெனவே இருக்கும் ரிப்போர்ட், யாரும் சொல்லித் தரவில்லை. மீதி, வடிவமைக்கும்போது நாம் கோட்டைவிட்டது.

மென்பொருளை வளைப்பது

ஜெர்மனியின் லிட்ல் மளிகைக் கடைச் சங்கிலி 2011இல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை 2018இல் கைவிட்டது. சுமார் 50 கோடி யூரோ போயிருக்கும் என்று ஊடகங்கள் எழுதின. காரணங்களில் ஒன்று, கையிருப்பை லிட்ல் கொள்முதல் விலையில் மதிப்பிடும், மென்பொருளின் இயல்பான முறை விற்பனை விலை. பழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை மாற்றினார்கள்.

கஸ்டமைசேஷனே, அதாவது நம் வசதிக்கு மென்பொருளைத் திருத்துவதே, கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் கேட்பதைச் செய்தே ஆக வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. உங்கள் தொழிலில் போட்டியாளரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் முறை ஏதாவது இருந்தால் அதையும் காப்பாற்றுங்கள். "இன்வாய்ஸ்ல லோகோ வலது பக்கம்தான் இருக்கணும்" என்பது அந்த வகையில் சேராது.

முதல் மாத முடிவுக்கு முன்பே கைதட்டுவது

பில் அடிக்க முடிகிறது, சரக்கு போகிறது என்றதும் கன்சல்டன்ட் குழு கிளம்பிவிடும். ஆனால் உண்மையான சோதனை மாத முடிவில்தான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி 2022 ஏப்ரலில் எஸ்ஏபியிலிருந்து ஆரக்கிளுக்கு மாறியது. வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்க அவர்கள் தனியாகச் செய்துகொண்ட பகுதி வேலை செய்யவில்லை. வந்த பணம் எந்தக் கணக்குக்குச் சேர வேண்டும் என்பதை ஆள் வைத்துப் பிரித்தார்கள். ஆண்டுக் கணக்கை ஒழுங்காக முடிக்க முடியவில்லை. தொடக்கத்தில் சுமார் 1.9 கோடி பவுண்டு என்றிருந்த செலவு 10 கோடியைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் நகராட்சி கையில் பணமில்லை என்று அறிவித்தபோது, சம ஊதிய வழக்குகளின் பாக்கிதான் முதல் காரணம் என்றாலும் ஆரக்கிளின் பெயரும் கூடவே வந்தது. கடைசியில், அந்தத் திருத்தங்களை எல்லாம் விட்டுவிட்டு மென்பொருளை இயல்பான வடிவில் மறுபடியும் முதலிலிருந்து போடுவது என்று முடிவெடுத்தார்கள்.

ஒப்பந்தம் எழுதும்போதே கடைசித் தவணையைக் கோ-லைவ் தேதியோடு கட்டாதீர்கள். இரண்டு மாத முடிவுகள் ஒத்துப்போக வேண்டும், மாதாந்தர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்களான ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதிக்குள்ளும் 3பி 20ஆம் தேதிக்குள்ளும் இரண்டு முறையாவது கையால் திருத்தாமல் புது அமைப்பிலிருந்தே போக வேண்டும். அதுவரை பழைய அமைப்பைப் படிக்க மட்டும் திறந்து வையுங்கள், கன்சல்டன்ட் குழுவில் ஒருவராவது உங்கள் கணக்குப் பிரிவிலேயே உட்காரட்டும். அப்புறம் தவணையை விடுங்கள்.