டிஎன்ஏ பழுதுநீக்க மரபணுவும் நுரையீரல் புற்றுநோயும்: மரபணு அறிக்கையைப் படிக்கும் முறை

'டிஎன்ஏ பழுதுநீக்க மரபணுவில் மாறுபாடு உள்ளது. நுரையீரல் புற்றுநோய்க்கான அபாயம் கூடுதல்' என்ற வரியை மரபணு அறிக்கையில் கண்டால், அபாயம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பாக, பரிசோதனைக்கு எடுக்கப்பட்ட மாதிரி எது என்று பாருங்கள். இரத்தமோ உமிழ்நீரோ எனில் அது பெரும்பாலும் பிறவியிலேயே வந்த மாறுபாடு, பிள்ளைகளுக்கும் செல்லக்கூடும். கட்டியிலிருந்து எடுத்த திசு எனில், அதில் காணும் மாற்றங்களில் பெரும்பாலானவை வாழ்நாளில் அந்தச் செல்களில் மட்டும் உண்டானவை. அவை பரம்பரையாக வருபவை அல்ல. கட்டியில் கண்ட மாற்றம் பிறவியிலேயே இருந்ததோ என்ற ஐயம் எழுந்தால், அதை இரத்தப் பரிசோதனையில் தனியாக உறுதி செய்ய வேண்டும்.

அடுத்து, அந்த மரபணு எந்தப் பழுதை நீக்குகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். சிகரெட் புகையிலுள்ள பென்சோபைரீன், நம் உடலின் நொதிகளாலேயே வீரியமுள்ள பொருளாக மாற்றப்பட்டு, டிஎன்ஏவின் நான்கு வேதி 'எழுத்துகளில்' ஒன்றான குவானினில் ஒட்டிக்கொள்கிறது. இழையில் உண்டாகும் அந்தப் புடைப்பை எக்ஸ்.பி.சி. புரதம் கண்டுபிடிக்க, எக்ஸ்.பி.டி. புரதம் இரண்டு இழைகளையும் பிரித்துக் கொடுக்க, புடைப்பு உள்ள ஏறத்தாழ 30 எழுத்துகள் நீளமுள்ள துண்டு வெட்டி எடுக்கப்பட்டு, எதிர் இழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படுகிறது. செல் பிரிவதற்குள் இது நடக்காவிட்டால் குவானின் இருந்த இடத்தில் தைமின் என்ற வேறோர் எழுத்து வந்து அமர்ந்துவிடலாம். புகைபிடிப்பவர்களின் நுரையீரல் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் எழுத்துப் பிழை இதுவே. ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட குவானினை நீக்குவது ஓ.ஜி.ஜி.1, ஒற்றை இழை முறிவைச் சீராக்க உதவுவது எக்ஸ்.ஆர்.சி.சி.1, இரு இழைகளும் முறிந்தால் பி.ஆர்.சி.ஏ.2 தேவைப்படுகிறது. இத்தகைய பழுதுநீக்க வழிகளை விளக்கியதற்காகவே தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் ஆகியோர் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, மாறுபாடு பரவலானதா, அரிதானதா என்பது. எக்ஸ்.ஆர்.சி.சி.1 மரபணுவுக்கு எதிரே 'ஆர்க்399கிளன்' என்று எழுதியிருந்தால், புரதத்தின் 399ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் உள்ளது என்று பொருள். பயமுறுத்தும் பெயர்தான், ஆனால் கோடிக்கணக்கானோர் இதைச் சுமந்துகொண்டு நலமாக வாழ்கிறார்கள். இத்தகைய பரவலான மாறுபாடுகளைச் சில நூறு பேரிடம் மட்டும் சோதித்த பல ஆய்வுகள் 2000களில் வெளிவந்து, ஒன்று அபாயம் கூடும் என்றும் மற்றொன்று கூடாது என்றும் முரண்பட்டன. மரபணுத்தொகுதி முழுவதையும் ஆராய்ந்த பெரிய ஆய்வுகள் 2008 முதல் வரத் தொடங்கியபோது, உறுதியாக மேலெழுந்தவற்றில் முக்கியமானவை 15ஆம் குரோமோசோமில் உள்ள நிகோட்டின் ஏற்பி மரபணுக்களும், 5ஆம் குரோமோசோமில் உள்ள, குரோமோசோம் நுனிகளைப் பராமரிக்க உதவும் டெர்ட் மரபணுப் பகுதியும். பழைய சிறு ஆய்வுகளை மட்டும் சான்றாகக் காட்டும் அறிக்கைக்கு நான் அதிக மதிப்புத் தர மாட்டேன்.

அரிய மாறுபாடுகளின் கதை வேறு. பி.ஆர்.சி.ஏ.2 புரதத்தின் கடைசிச் சிறு பகுதியைத் துண்டிக்கும் 'கே3326எக்ஸ்' என்னும் மாறுபாடு, நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையான செதிள் செல் புற்றுநோயின் வாய்ப்பை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குவதாக, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இதே மாறுபாட்டை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் 'தீங்கற்றது' என்றே வகைப்படுத்துகின்றன என்பதால், எந்தப் புற்றுநோய்க்காக அந்த வகைப்பாடு செய்யப்பட்டது என்றும் கேளுங்கள். அதே ஆய்வில், செக்2 மரபணுவின் ஒரு மாறுபாடு செதிள் செல் வகைக்கான வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரிந்தது. எனவே பழுதுநீக்க மரபணுவில் மாறுபாடு என்றாலே அபாயம் கூடும் என்று முடிவு கட்ட முடியாது. 'முக்கியத்துவம் உறுதியாகாத மாறுபாடு' என்று குறிக்கப்பட்டிருந்தால், அதன் அடிப்படையில் எந்தச் சிகிச்சை முடிவையும் எடுக்கக் கூடாது.

இப்போது எண்ணுக்கு வருவோம். 'வாய்ப்பு விகிதம் 1.2, நம்பக இடைவெளி 0.95 முதல் 1.50 வரை' என்று ஓர் அறிக்கை சொல்வதாகக் கொள்வோம். வாய்ப்பு விகிதம், மாறுபாடு உள்ளவரின் நோய் வாய்ப்பை இல்லாதவரின் வாய்ப்போடு ஒப்பிடும் எண். 1 என்றால் வேறுபாடு இல்லை. நம்பக இடைவெளி, உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை. இடைவெளிக்குள் 1 என்ற எண் அடங்கியிருப்பதால், மாறுபாட்டுக்கு எந்த விளைவுமே இல்லை என்ற முடிவும் இந்தத் தரவுக்குப் பொருந்தும். விளைவு உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், மாறுபாடு இல்லாத 1,000 பேரில் 10 பேருக்கு நோய் வரும் என்றால், மாறுபாடு உள்ள 1,000 பேரில் ஏறத்தாழ 12 பேருக்கு வரும். '20 சதவீதம் அதிகம்' என்று தலைப்பிடப்படுவது இந்த இரண்டு பேரைத்தான். புகைபிடிப்பதோ வாய்ப்பை 15 முதல் 30 மடங்கு வரை உயர்த்துகிறது.

ஆகவே, அந்த எண்ணைக் கணக்கிடும்போது புகைப்பழக்கத்தை எப்படிக் கையாண்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நிகோட்டின் ஏற்பி மரபணு, ஒருவர் ஒரு நாளில் எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்பதையே பாதிக்கிறது. அதன் விளைவில் எவ்வளவு புகை வழியாக வருகிறது, எவ்வளவு நேரடியாக வருகிறது என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கே சிரமமாக இருந்தது.

வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் பரிசோதனையின் மூலத் தரவில் கண்ட மாறுபாட்டை, மருத்துவத் தரமுள்ள ஆய்வகத்தில் மீண்டும் உறுதி செய்த பிறகே மரபியல் ஆலோசகரிடம் செல்லுங்கள். செல்லும்போது மூன்று தலைமுறைக் குடும்ப விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது, அவர் புகைபிடித்தவரா என்பவை அதில் இருக்க வேண்டும். குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் பற்றியும் அங்கேயே கேட்கலாம். அமெரிக்காவில் 2021இல் வெளியான பரிந்துரை, 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, குறைந்தது 20 பொதி-ஆண்டுகள் (ஒரு நாளைய பாக்கெட் எண்ணிக்கையை ஆண்டுகளால் பெருக்கிய கணக்கு) புகைத்து, இப்போதும் புகைப்பவர் அல்லது கடந்த 15 ஆண்டுகளுக்குள் நிறுத்தியவர் ஆண்டுதோறும் அதை எடுக்கலாம் என்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகள் புகைத்தாலும், இரண்டு பாக்கெட் வீதம் 10 ஆண்டுகள் புகைத்தாலும் கணக்கு 20தான். இந்தக் கணக்கில் மரபணு முடிவு சேர்க்கப்படவில்லை. அதனால், 'மாறுபாடு ஏதும் இல்லை' என்ற அறிக்கையைக் காட்டி, தகுதியுள்ளவர் ஸ்கேனைத் தவிர்ப்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.