பழைய காரின் முன்சக்கர பிரேக் பேடும் டிஸ்க்கும்: வீட்டிலேயே மாற்றும் முறை

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த மாருதி ஸ்விஃப்ட் ஒன்றை இன்னும் ஓட்டி வருகிறேன். ஒரு பட்டறையில் புதிய பேடு (டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் உராய்வுத் தகடு) போட்டு ஓராண்டு முடிவதற்குள், அதன் இடப்பக்க உட்புறப் பேடு இரும்புத் தகடு வரை தேய்ந்து, சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டான டிஸ்க்கில் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்குப் பள்ளங்களைப் போட்டுவிட்டது. வெளிப்புறப் பேடு பாதிகூடத் தேயவில்லை. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கு வழிவிடும் ஸ்லைடு பின் துருவேறி இறுகியிருந்ததும், அதை ஒருவரும் கழற்றிப் பார்க்காததுமே காரணம். அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன். பேடு மாற்றுவது எளிது. அதைச் சுற்றியுள்ளவற்றைச் சுத்தம் செய்வதில்தான் பிரேக்கின் ஆயுள் இருக்கிறது.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் தேயாமல் நிற்கும் மேட்டைத் தவிர்த்து, பேடு உரசும் பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கடைந்து சமாளிக்க நினைக்காமல் புதியதை வாங்க வேண்டும். பேடின் உராய்வுப் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்கும் பேடும் எப்போதும் வலம், இடம் என இரண்டு பக்கத்திலும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும். இல்லையெனில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, அதன் பிறகு ஜாக்கியால் தூக்கி, காருக்குரிய கையேட்டில் காட்டியுள்ள இடத்தில், காரின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டை நிறுத்துங்கள். ஸ்டாண்டு இல்லாமல், காருடன் வந்த ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பின்பே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்ற ஐயம் வரும்போது, கழற்றாத பக்கம் விடை சொல்லும்.

காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றியதும், காலிப்பரை அதன் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டி வையுங்கள். ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது. பழைய பேடுகளை எடுத்த பின், அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினால்தான் டிஸ்க் வெளியே வரும். அந்தப் போல்ட்டுகள் மிக இறுக்கமாக இருக்கும் என்பதால் நீளமான கைப்பிடி தேவைப்படும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஓடிய காரில் டிஸ்க், அது பொருந்தியிருக்கும் சக்கர மையமான ஹப்போடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஹப் பேரிங்குக்குக் கேடு. டிஸ்க்கின் நடுப்பகுதியில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தால், அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை (ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் 8 மி.மீ.) மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் திருகுங்கள், டிஸ்க் தானாகவே கழன்று வரும். அங்கே படிந்துள்ள தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனி வருவதுதான் பட்டறைகளில் பெரும்பாலும் விடுபடும் பகுதி. ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும் வரை தேயுங்கள். அங்கே துகளளவு துரு தங்கினாலும் புதிய டிஸ்க் மிகச் சிறிதே சாய்ந்து உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். அப்போது நாம் டிஸ்க்கையே குறை சொல்வோம். அடுத்து, ஸ்லைடு பின்களை உருவி, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, விரலால் தள்ளினாலே நகரும்படி செய்யுங்கள். இதற்கு, பிரேக்குக்கென விற்கப்படும் சிலிகான் கிரீஸையே பயன்படுத்த வேண்டும். சாதாரண பேரிங் கிரீஸ், பின்னை மூடியுள்ள உறையின் ரப்பரை உப்பச் செய்து பின்னை மீண்டும் இறுக்கிவிடும். பின்னில் குழி விழுந்திருந்தாலோ ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ அவற்றையும் மாற்றுங்கள். பேடின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான்.

புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியுள்ள எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவிவிட்டுப் பொருத்துங்கள். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, பழைய பேடு ஒன்றைப் பிஸ்டன் (காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை) மேல் வைத்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால் அளவைக் கவனித்துக்கொண்டே தள்ள வேண்டும். பிஸ்டன் நகர மறுத்தாலோ அதன் ஓரத்தில் ஆயில் கசிந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள மெக்கானிக்கை அழையுங்கள். பேடுகளைப் பொருத்தும்போது, தேய்மானத்தைச் சத்தமிட்டு உணர்த்தும் தகடுள்ள பேடு பழையது இருந்த பக்கத்திலேயே வர வேண்டும். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளி கிரீஸ்கூடப் படக் கூடாது. பிராக்கெட் போல்ட், காலிப்பர் போல்ட், வீல் நட் மூன்றையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

காரை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாக நிற்பதை உறுதி செய்யுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் சில மிதிகள் வெறுமையாகவே போகும். இதை மறந்து காரை எடுப்பவர் சுவரில்தான் நிறுத்துவார். தொட்டியில் ஆயில் குறைந்திருந்தால், மூடியில் குறிப்பிட்டுள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையைப் புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஊற்றுங்கள். திறந்தே கிடந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அதன் கொதிநிலை இறங்கியிருக்கும்.

புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, நெரிசலற்ற சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைப்பதைப் பத்து முறை, இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிற்க வேண்டாம். வீடு திரும்பியதும் இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அந்தப் பக்கத்தின் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ சரியாக நகரவில்லை. அதை மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும்.