செக்கிங் வாரண்டி முடிவதற்குள்: பழைய லேப்டாப் வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் பழைய லேப்டாப்போடு என் கடைக்கு வந்தார்கள். மூவரும் வாங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. குறை இருந்தால் சொல்ல விற்றவர் கொடுக்கும் சில நாள் அவகாசமான செக்கிங் வாரண்டி மூவருக்குமே முடிந்திருந்தது. அவர்கள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, சென்னை ரிச்சி தெருவில் முதல் பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, கோயம்புத்தூர் வரும் பேருந்தில் அதை மடியை விட்டு இறக்காமல் வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அதற்கு ஃபார்மட் போட்ட என்னையே எதிரில் உட்காரவைத்துப் பார்ப்பது போலிருந்தது.

மூடியில் கீறல் இருக்கிறதா, கேமராவும் ஸ்பீக்கரும் வேலை செய்கின்றனவா, கீபோர்டில் எந்த எழுத்து விழவில்லை என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கடையில் நிற்கும் பத்து நிமிடத்தில் கண்ணுக்குப் படாமல், வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்துத் தலைகாட்டும் சங்கதிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்த அன்றே ஃபார்மட் போடுவது

ஃபார்மட் போட வேண்டும் என்பது சரிதான், ஆனால் அது முதல் வேலையாக இருக்கக் கூடாது. கடைக்காரர் எந்த நிலையில் கொடுத்தாரோ அந்த நிலையே உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ எவ்வளவு மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். விண்டோஸ் எந்த வகையில் ஆக்டிவேட் செய்யப்பட்டிருக்கிறது, என்றைக்கு நிறுவப்பட்டது என்பனவற்றையும் விண்டோஸ் செட்டிங்ஸில் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றையும் மொபைலில் படம் எடுத்து, அதே இடத்தில் அதே நாளில் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் வாய்வார்த்தையாகப் பேசும்போது, தேதியோடு இருக்கும் அந்தப் படங்களுக்குத் தனி மரியாதை உண்டு.

பேட்டரி அறிக்கையை மட்டும் நம்புவது

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் திரையான கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால், விண்டோஸ் ஓர் அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பேட்டரியின் கொள்ளளவு என்ன, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினால் எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களும் மில்லிவாட் மணி அளவில் அதில் இருக்கும். 50,000 இருந்த இடத்தில் 30,000 இருந்தால் பழைய லேப்டாப்புக்கு அது நியாயம்தான். இரண்டு எண்களும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்து, சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையும் பூஜ்யமாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் அது புதிதாகப் போட்ட மலிவான மாற்றுப் பேட்டரியாக இருக்கும்; அதற்குள் இருக்கும் சிப் என்ன எழுதி வைத்திருக்கிறதோ அதைத்தான் விண்டோஸ் வாசித்துச் சொல்கிறது. எனவே சார்ஜரைக் கழற்றிவிட்டு, வைஃபையில் ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

அறிக்கை சொல்லாத இன்னொன்றும் உண்டு. டச்பேடை அழுத்தும்போது 'டிக்' என்ற சத்தம் வராமல் கல்லைப் போல நின்றாலோ, அதன் ஓரத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தாலோ, கீழே பேட்டரி உப்பிக்கொண்டு வருகிறது என்று பொருள். லேப்டாப்பைச் சமதளமான கிரானைட் மேடையில் வைத்துப் பாருங்கள். நான்கு கால்களில் ஒன்று தரையில் படாமல் ஆடினாலும் அதே சந்தேகம்தான். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

நெட் கொடுக்காமல் செட்டப் செய்த லேப்டாப்பை நமதென்று எண்ணிவிடுவது

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

2022இல் என் அக்கா மகளுக்காக எச்பியின் எலைட்புக் லேப்டாப் ஒன்று வாங்கினேன். விலை 24,000 ரூபாய். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துக்கட்டிய லாட்டில் வந்தது என்று கடைக்காரர் பெருமையாகவே சொன்னார். உடம்பு புதிது போல இருந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. விண்டோஸ் தயாராகப் போடப்பட்டிருந்தது. ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று அவள் போன் செய்தபோது, "ரீசெட் போட்டுவிடு கண்ணு, ஒரு மணி நேர வேலை" என்று நானே சொன்னேன். விடுதியின் வைஃபையில் இணைத்து ரீசெட் முடித்தவுடன், திரையில் நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் வரவேற்புச் செய்தியும் வந்து, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டு நின்றன. அதைத் தாண்டி ஓர் அடி நகர முடியவில்லை. புராஜெக்ட் சமர்ப்பிக்க அவளுக்கு நான்கு நாட்கள்தான் மிச்சம் இருந்தன.

நடந்தது இதுதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்ற சேவையில் பதிவு செய்துவைக்கின்றன. ஒவ்வொரு லேப்டாப்பின் மதர்போர்டு முதலான பாகங்களின் விவரங்களிலிருந்து உருவாக்கப்படும் ஓர் அடையாளம், நிறுவனத்தின் கணக்கோடு இணைத்து மைக்ரோசாஃப்டின் சர்வரில் வைக்கப்படுகிறது. புதிதாக செட்டப் நடக்கும்போது லேப்டாப் இணையத்தில் சேர்ந்தவுடன் அந்தப் பட்டியலைக் கேட்கும்; பட்டியலில் இருந்தால் 'நீ இன்னாருடையது' என்று பதில் வரும். பதிவு நம் டிஸ்க்கில் இல்லை, சர்வரில் இருக்கிறது. ஆகவே எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும், எஸ்எஸ்டியையே மாற்றினாலும் அது போகாது. கழித்துக்கட்டும்போது நிறுவனத்தின் ஐடி பிரிவு அந்தப் பதிவை நீக்கிவிட வேண்டும். பல நிறுவனங்கள் ஏனோ அதை மறந்துவிடுகின்றன.

கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று என்னால் நம்ப முடியவில்லை. செட்டப்பின்போது இணையம் கொடுக்காமல் தாண்டிவிட்டால் லேப்டாப் யாரையும் கேட்காது. லோக்கல் கணக்கில் சமர்த்தாகத் திறந்துகொள்ளும். அப்படித் திறந்த பிறகு இணையத்தில் சேர்த்தாலும் அந்தக் கேள்வி வராது, அடுத்த ரீசெட் வரைக்கும். நூறு லேப்டாப்களை வரிசையாக வைத்து நெட் இல்லாமல் செட்டப் செய்பவர், இந்தப் பூட்டைப் பார்த்ததே இல்லை என்றால் எப்படி நம்புவது? போன் செய்தபோது, "பதினஞ்சு நாள் செக்கிங் வாரண்டி முடிஞ்சு போச்சே சார், அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். அதில் 'லேப்டாப் – 1' என்று மட்டும் எழுதியிருந்தது. மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. அந்த லேப்டாப் அவர் விற்றதுதான் என்று நிரூபிக்கக்கூட என்னிடம் எதுவும் இல்லை. இத்தனைக்கும் நான் இந்தத் தொழிலில் இருப்பவன்.

திரையில் தெரிந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன், பதில் வரவில்லை. வேறு மதர்போர்டு போட்டால் பூட்டு போய்விடும், ஆனால் அதற்கு 11,000 ரூபாய் கேட்டார்கள். கடைசியில் கடைக்காரர் செய்த அதே வேலையை நானும் செய்து, நெட் இல்லாமல் விண்டோஸை மறுபடி ஏற்றி அவளிடம் கொடுத்தேன். பூட்டு மறைந்ததே தவிர நீங்கவில்லை. அந்த லேப்டாப்பை இனி மனச்சாட்சியோடு யாருக்கும் விற்கவும் முடியாது.

இதற்கான சோதனை எளிது. முன்னே சொன்ன படங்களை எடுத்து முடித்தவுடன், வாரண்டி நாட்களுக்குள், எல்லாவற்றையும் அழிக்கும் முழு ரீசெட் போடுங்கள். செட்டப் திரை வந்து நெட்வொர்க் கேட்கும்போது உங்கள் வைஃபையைக் கொடுங்கள். இணையம் கொடுக்காமல் தாண்டிப் போனால் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தால் படம் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போங்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஆட்டோபைலட் விண்டோஸ் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு உரியது. அலுவலகத்திலிருந்து வந்த லேப்டாப்பில் ஹோம் பதிப்பு இருந்தால், அது ஏன் என்று கடைக்காரரைக் கேளுங்கள்; அந்த லேப்டாப்பில் ப்ரோவை ஏற்றிய பிறகுதான் இந்தச் சோதனை செல்லும். மேக்புக் வாங்குபவர்களுக்கும் ஆக்டிவேஷன் லாக் என்ற பெயரில் இதே தலைவலி இருக்கிறது. முழுதாக அழித்து, இணையத்தோடு முதல் செட்டப்பை முடித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு பணம் கொடுங்கள்.

சென்ற மாதம் வந்த மூவரில் ஒரு தம்பிக்கு நேர்ந்தது இதேதான். அவருடைய பில்லிலும் 'லேப்டாப் – 1'.

பயாஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவது

விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரைதான் பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவின் திங்க்பேடில் எஃப்1 அழுத்தினால் அது திறக்கும். திறந்துவிட்டதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். சில லேப்டாப்களில் பூட்டு இருந்தாலும் பயாஸைப் பார்க்க விடும், மாற்றத்தான் விடாது. லேப்டாப் எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும் பூட் வரிசையில் ஒன்றை மேலே நகர்த்தி, சேமித்து, மறுபடி உள்ளே போய் மாற்றம் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டை மாற்றுவதுதான் வழி என்று லெனோவோவே சொல்கிறது. பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே பயாஸில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தொலைந்த லேப்டாப்பைத் தேடிப் பிடிப்பதற்காக நிறுவனங்கள் போடும் காவல் அது. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரில் உட்கார்ந்திருப்பதால் ஃபார்மட் போட்டாலும் தன்னைத்தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். நிரந்தரமாக முடக்கப்பட்டது என்று இருந்தால் நல்லது. செயலில் இருக்கிறது என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். திருட்டுப் பொருளாகக்கூட இருக்கலாம்.

அடியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்புவது

பயாஸில் தெரியும் சீரியல் எண்தான் எண். அதையே பில்லில் எழுதி வாங்குங்கள்.

சார்ஜரைக் குற்றம் சொல்ல மறப்பது

மூவரில் இன்னொருவர், சார்ஜ் ஏறவில்லை என்று வேறோர் இடத்தில் புதுப் பேட்டரி மாற்றிவிட்டு, அப்படியும் ஏறாமல் என்னிடம் வந்தவர். டெல் சார்ஜரின் உருண்டை முனைக்கு நடுவே ஊசி போன்ற மெல்லிய பின் ஒன்று இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்ற தகவலை லேப்டாப் அதன் வழியாகத்தான் கேட்டறிகிறது. பின் வளைந்திருந்தாலோ, சார்ஜர் போலியாக இருந்தாலோ அந்தப் பதில் கிடைக்காது. லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டும். பயாஸில் அடாப்டர் என்ற வரியில் 65 வாட் என்பது போன்ற எண் வர வேண்டும். அடையாளம் தெரியவில்லை என்று வந்தால் சார்ஜரைத்தான் மாற்ற வேண்டும். அவருக்கு என்னிடம் இருந்த ஒரிஜினல் சார்ஜரைச் சொருகியவுடன் சார்ஜ் ஏறத் தொடங்கியது. பேட்டரிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

முதல் வாரமே திறந்து தூசி தட்டுவது

வேண்டாம், வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் கடைக்காரருக்கு அதுவே சாக்கு.

ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று விட்டுவிடுவது

அலுவலகத்திலிருந்து வரும் பெரும்பாலான லேப்டாப்களில் விண்டோஸின் உண்மையான உரிமம் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய விண்டோஸைப் பென்டிரைவ் வழியாக ஏற்றினால், அது தானாகவே அந்த உரிமத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு பைசா செலவில்லை. இருந்தும் பல கடைகளில், உரிமம் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டே கொடுக்கிறார்கள். காரணம் சோம்பல்தான்: ஒரே பிரதியைத் தயார் செய்து எல்லா எஸ்எஸ்டியிலும் நகல் எடுத்துவிடுவார்கள். அந்த ஆக்டிவேட்டர் இயங்குவதற்காக விண்டோஸின் வைரஸ் பாதுகாப்பையும் ஓரிடத்தில் திறந்து வைத்திருப்பார்கள். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையோடு ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுத்தால், நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, குறிப்பிட்ட தேதியில் காலாவதியாகுமா என்று தெரியும். தேதி வந்தால், அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றுங்கள்.

இதோடு சேர்த்துப் பிராசஸரின் தலைமுறையையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஐ5-8250யு என்றால் எட்டு, ஐ5-7300யு என்றால் ஏழு. ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11 ஓடுவதைக் காட்டி விற்கிறார்கள் என்றால், சோதனையைத் தாண்டிக் குறுக்குவழியில் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த பெரிய அப்டேட் தானாக வந்து சேராது.

பழைய உரிமையாளரின் கோப்புகளைக் கிளறுவது

திறக்காதீர்கள், முழுதாக அழியுங்கள்.

ரெகவரி கீ யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது

விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்தால், பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. கடைப்பையன் அவசரத்துக்குத் தன் கணக்கிலேயே செட்டப் செய்து கொடுத்திருந்தால், உங்கள் டிஸ்க்கின் சாவி அவனிடம் இருக்கிறது. மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. பயாஸ் அப்டேட் செய்த அன்றைக்கு நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கலாம். மூன்றாவதாக வந்த அம்மாவின் டிஸ்க்கில் பேத்தியின் இரண்டு ஆண்டுப் படங்கள் இருந்தன. வேறு நகல் இல்லை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரீசெட் முடித்து உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்தவுடன், அந்தக் கணக்கின் பக்கத்தில் ரெகவரி கீ வந்திருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை லேப்டாப் பைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.