அமெரிக்கக் கல்லூரிகள் உங்கள் பிள்ளையின் உதவித்தொகைத் தேவையை எப்படிக் கணக்கிடுகின்றன?

"எங்க சம்பளத்துக்கு எய்டு எல்லாம் எங்கே கிடைக்கப்போகுது" என்று படிவத்தையே தொடாத பெற்றோர் ஒரு பக்கம். "வீட்டுக் கடன், கார் கடன், ஊருக்கும் பணம் அனுப்புகிறோம், கண்டிப்பாகக் கொடுப்பார்கள்" என்று நம்பி இருப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புமே கல்லூரி போடும் கணக்கைப் பார்க்காமல் பேசுகிறார்கள். அந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் சேரப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கணக்கு எப்படி இருக்கும்?

தேவை = கல்லூரியின் ஓராண்டு மொத்தச் செலவு − எஸ்.ஏ.ஐ.

மொத்தச் செலவு என்பது கட்டணம் மட்டுமல்ல. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு எல்லாம் சேர்த்துக் கல்லூரியே ஒரு தொகையை அறிவிக்கும். எஸ்.ஏ.ஐ. என்பது ஸ்டூடன்ட் எய்டு இண்டெக்ஸ். உங்கள் வருமானம், சொத்து விவரங்களை வைத்து மத்திய அரசின் சூத்திரம் தரும் எண் இது. 2024-25 கல்வியாண்டில் இது வந்தது. அதற்கு முன் இ.எஃப்.சி. என்ற பெயரில் வேறொரு கணக்கு இருந்தது. பழைய வலைப்பதிவுகளில் இ.எஃப்.சி. என்று பார்த்தால் அந்த விவரங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள், பல விதிகள் மாறிவிட்டன.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எஸ்.ஏ.ஐ. 22,000 டாலர். ஆண்டுக்கு 82,000 ஆகும் தனியார் கல்லூரியில் இந்தப் பிள்ளையின் தேவை 60,000. 34,000 ஆகும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 12,000. வீட்டிலிருந்தே போய்வரும் கம்யூனிட்டி காலேஜில் செலவு 16,000 என்றால் தேவை பூஜ்யம். குடும்பம் அதேதான், வருமானமும் அதேதான். "எங்களுக்குத் தேவை இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, எந்தக் கல்லூரி என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

எஸ்.ஏ.ஐ. மைனஸ் 1,500 வரை கீழே போகலாம். மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கிடைக்கும், திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசின் பெல் கிராண்ட் 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர்.

படி 2: உங்கள் பிள்ளைக்குத் தகுதி உண்டா?

இந்த எண்ணைப் பெற நிரப்ப வேண்டியது மத்திய அரசின் ஃபாஃப்ஸா என்ற உதவித்தொகை விண்ணப்பப் படிவம். கட்டணம் இல்லை. பிள்ளை அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருந்தால் மத்திய அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரப்படுவது) இருக்கும் பிள்ளைக்கு, எத்தனை வருடம் இங்கே படித்திருந்தாலும், கிடையாது. நம் குடும்பங்கள் அதிகம் குழம்புவது இதன் மறுபக்கத்தில்: பிள்ளை இங்கே பிறந்தது, பெற்றோர் இன்னும் எச்1பி, எச்4இல் இருக்கிறார்கள் என்றால் பிள்ளைக்குத் தகுதி உண்டு. பெற்றோரின் விசா பார்க்கப்படுவதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத அம்மாவும் தளத்தில் கணக்குத் திறந்து கையெழுத்துப் போட முடியும்.

மத்திய அரசின் உதவி இல்லை என்றாலும் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்ற வெகுசில இடங்களில், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் பண உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்காது. பெரும்பாலான மற்ற கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அதையும் எடைபோட்டுத்தான் இடம் தருவார்கள்.

படி 3: எந்த ஆண்டு வருமானம்?

இங்கேதான் பலர் தாமதமாக விழிக்கிறார்கள். 2027 இலையுதிர் பருவத்தில் சேரும் பிள்ளைக்கு 2025ஆம் ஆண்டின் வருமான வரிக் கணக்கு எடுக்கப்படும். அதாவது பத்தாம் வகுப்பின் பின்பாதியும் பதினொன்றாம் வகுப்பின் முன்பாதியும் சேர்ந்த அந்த ஜனவரி-டிசம்பர். அந்த ஆண்டில் கம்பெனிப் பங்குகளை மொத்தமாக விற்றாலோ, ஊரில் மனையை விற்று லாபம் காட்டினாலோ வருமானம் எகிறி எஸ்.ஏ.ஐ.யும் ஏறும். விற்க வேண்டியதை ஒரு வருடம் முன்னால் விற்பது சட்டப்படி சரியான திட்டமிடல்தான்.

வரி விவரங்களை வருமான வரித் துறையிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிள்ளையும் பெற்றோரும் இசைவு தர வேண்டும். யாராவது ஒருவர் அந்த இடத்தில் மறுத்தாலும் மத்திய உதவி எதுவும் கிடைக்காது.

படி 4: வருமானத்தில் எது கழியும், எது கழியாது?

மத்திய வருமான வரி, சம்பளத்தில் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி-மெடிகேர் வரி, குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற ஒரு வாழ்க்கைச் செலவுத் தொகை, வேலைக்குப் போவதற்கான சிறு தொகை ஆகியவை கழியும். மீதியில் 22 முதல் 47 சதவீதம் வரை, படிப்படியாக ஏறும் விகிதத்தில், "கல்லூரிக்குத் தரக்கூடியது" என்று எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டுக் கடன் தவணை கழியாது. கார் தவணை, கிரெடிட் கார்டு பாக்கி, மாதாமாதம் அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணம் எதுவும் கழியாது. மாநில வருமான வரிகூட இப்போது கழிவதில்லை. கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு இது நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் தொகையைப் பகிர்ந்துகொண்டிருந்த பழைய சலுகையும் போய்விட்டது. இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த அடி பலமாக விழும்.

படி 5: சொத்து

குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. 401கே, ஐ.ஆர்.ஏ. போன்ற ஓய்வுக்கால நிதிகளும் வராது. வங்கி இருப்பு, பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், பெற்றோர் பெயரில் உள்ள 529 கணக்கு (பிள்ளையின் படிப்புக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) ஆகியவை வரும்.

ஊரில் இருப்பதும் வரும். தாம்பரத்தில் உங்கள் பெயரில் ஒரு மனை இருக்கிறது, கோயம்புத்தூரில் அப்பா அம்மா குடியிருக்கும் வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, வங்கியில் எஃப்.டி. போட்டிருக்கிறீர்கள் என்றால் எல்லாமே முதலீடு. கடன் போக மிஞ்சும் மதிப்பை, கூட்டுச் சொத்தானால் உங்கள் பங்கை மட்டும், விண்ணப்பிக்கும் நாளை ஒட்டிய மாற்று விகிதத்தில் டாலராக்கி எழுத வேண்டும். "அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது" என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தவறான தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்று ஒப்புக்கொண்டுதான் அதில் கையெழுத்திடுகிறீர்கள்.

உண்மையை எழுதினால் எவ்வளவு போகும் என்று பாருங்கள். பெற்றோர் சொத்தில் 12 சதவீதம் மட்டும் வருமானத்தோடு சேரும், அதன் மேல்தான் 47 சதவீதம் வரையிலான விகிதம். 60,000 டாலர் மனையில் 12 சதவீதம் 7,200. அதில் 47 சதவீதம் 3,384. அதிகபட்சமே அவ்வளவுதான். அதே 60,000 பிள்ளையின் பெயரில் இருந்தால் நேராக 20 சதவீதம், அதாவது 12,000. தாத்தா ஆசையாகப் பேரன் பெயரில் போட்டுவைத்த பணம் இப்படித்தான் கடிக்கும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 60,000 டாலருக்குள் இருந்து வரிக் கணக்கும் எளிமையானதாக இருந்தால் சொத்துக் கேள்விகளே வராது. 100 முழுநேர ஊழியருக்கு மேற்படாத சொந்தத் தொழிலுக்கு 2026-27 முதல் மீண்டும் விலக்கு உண்டு. கடை, மோட்டல் நடத்துபவர்கள் கவனிக்கவும்.

படி 6: சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்

சொந்தப் பணத்தை அள்ளித்தரும் தனியார் கல்லூரிகள் பலவும் ஃபாஃப்ஸாவோடு நிற்பதில்லை. காலேஜ் போர்டு நடத்தும் இந்த இரண்டாவது படிவத்தையும் கேட்கும். குடியிருக்கும் வீட்டில் உங்கள் பங்கு மதிப்பு எவ்வளவு, மணவிலக்கான பெற்றோரில் மற்றவரின் வருமானம் என்ன, மருத்துவச் செலவு எவ்வளவு என்று துருவும். இதன் விடையைக் கல்லூரி தன் கொள்கைப்படி பார்க்கும்: சில கல்லூரிகள் வீட்டு மதிப்பை முழுதாக எடுக்கும், ஹார்வர்டு எடுக்காது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு கல்லூரிகள் இருபதாயிரம் டாலர் வித்தியாசத்தில் கடிதம் அனுப்பினால் திகைக்க வேண்டாம்.

படி 7: கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்

ஒவ்வொரு கல்லூரியும், உதவி போக உங்களுக்கு எவ்வளவு செலவாகும் என்று தோராயமாகக் காட்டும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் ஒன்றைத் தன் தளத்தில் வைக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். அரை மணி நேர வேலை. பிள்ளை ஒரு கல்லூரியில் மனதைப் பறிகொடுப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள். அப்புறம் செய்தால் வீட்டில் சண்டைதான். சொந்தத் தொழில், மணவிலக்கு இருந்தால் அதில் வரும் எண் தடுமாறும்.

படி 8: கடிதம் வந்த பிறகு

தேவை 60,000 என்று கல்லூரி ஒப்புக்கொண்டதாலேயே 60,000 தரும் என்று எழுதிவைத்திருக்கவில்லை. முழுத் தேவையையும் ஈடுகட்டுவதாக உறுதி சொல்லும் கல்லூரிகள் குறைவு. நம் கற்பனைக் குடும்பத்துக்கு வந்த கடிதம் இப்படி என்று வைப்போம்: கல்லூரி கிராண்ட் 41,000, வொர்க்-ஸ்டடி 2,500, மத்திய அரசின் மாணவர் கடன் 5,500. மொத்தம் 49,000 என்று தடித்த எழுத்தில் இருக்கும். இலவசம் 41,000 மட்டுமே. 5,500 திருப்பிக் கட்ட வேண்டியது. 2,500 பிள்ளை நூலகத்திலோ மெஸ்ஸிலோ வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. 11,000 யாரும் பேசாத ஓட்டை. குடும்பம் எடுத்து வைக்க வேண்டியது 22,000 அல்ல, 33,000. பெற்றோர் கடனால் அடைக்கலாம் என்றால், 2026 ஜூலை முதல், மத்திய அரசு பெற்றோருக்குத் தரும் பேரன்ட் ப்ளஸ் கடன் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்ற வரம்புக்குள்தான்.

கணக்கு எடுத்த ஆண்டுக்குப் பிறகு வேலை போயிருந்தால், பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தால், அந்த ஆண்டு வருமானம் ஒருமுறை மட்டும் வந்ததாக இருந்தால், கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு முறையீடு எழுதலாம். எண்களை மாற்றிக் கணக்கிட அந்த அதிகாரிக்குச் சட்டமே உரிமை தருகிறது. அவர் மறுத்தால் கல்வித் துறையிடம் போய்க் கேட்க வழியில்லை, அதனால் முதல் கடிதத்தையே ஒழுங்காக எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், அப்போது வருமானம் எவ்வளவு, இப்போது எவ்வளவு. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவமனை ரசீதுகளை இணையுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் முன்பணம் கட்டக் கடைசி நாள் மே 1. அதற்குள் பதில் வராது போலிருந்தால், நாளைத் தள்ளித் தர முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.